மக்காம்பிரா தூருக்குள்

எங்கள் ஊர்ப் பக்கம் பொத்தை என்று ஒரு சொல் உண்டு. மலை என்று சொன்னால் அதிகம், மேடு என்று சொன்னால் குறைவு, அப்படி ஒரு மொட்டைப் பாறைக்குன்று. முப்பந்தலில் காற்றாலை வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தினமும் நாலைந்து பொத்தையைப் பார்த்துக்கொண்டேதான் பைக் ஓட்டுவேன். பிறகு அதே வேலை என்னைப் பிரேசிலின் வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோனது. ரியோ கிராண்டே டோ நோர்த்தே மாநிலம். பிரேசிலில் காற்றாலை மின்சாரத்துக்குப் பெயர்போன இடங்களில் ஒன்று. நத்தால் நகரத்தில் இறங்கி, உள்நாட்டுக்குள் சில மணிநேரம் போனதும் வண்டி ஜன்னலில் நான் முதலில் அடையாளம் கண்டது பொத்தை. அடுத்தது சீமைக்கருவேலம். நிஜமாகவே அதேதான். அங்கே அல்கரோபா என்று பெயர், 1940களில் ஆடுமாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்து நட்டது, நம்மிடம் போலவே ஆற்றங்கரையெல்லாம் பிடித்துவிட்டது.

மூன்றாவதாகப் பார்த்த செடியைப் பற்றித்தான் எழுத வந்தேன். பொத்தையின் மேலே, மண்ணே இல்லாத வெறும் பாறையில், ஆனைக்கத்தாழை மாதிரி ஒரு செடி திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது. வெள்ளி பூசியது மாதிரி சாம்பல் பச்சை. இலை ஓரம் முழுக்க வளைந்த முள், பக்கத்தில் போனால் பேண்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நடுவிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தண்டு ஈட்டி மாதிரி நிற்கும். கத்தாழை என்றே நான் சில மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அன்னாசிக் குடும்பம். நாம் சாப்பிடும் அன்னாசிக்குப் பங்காளி. புரோமீலியா என்று மொத்தமாகச் சொல்வார்கள், இந்தக் குறிப்பிட்ட செடிக்கு ஊர்ப்பெயர் மக்காம்பிரா டி ஃபிளெச்சா, அதாவது அம்பு மக்காம்பிரா, அந்த நடுத்தண்டை வைத்து வந்த பெயர். என்கோலிரியம் ஸ்பெக்டாபிலே என்பது அறிவியல் பெயர். வறண்ட காலத்திலேயே பூத்துவிடும், ராத்திரியில் வௌவால் வந்து தேன் குடிக்கும்.

அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காட்டிங்கா என்று பெயர். தெற்கே சாவோ பாவ்லோ ஆட்கள் காச்சிங்கா என்பார்கள், அந்த வட்டாரத்து மக்கள் காட்டிங்கா என்றுதான் சொல்வார்கள், எனக்குக் கேட்கும்போதெல்லாம் நம்ம 'காடு' காதில் விழும். டூப்பி என்கிற பழங்குடி மொழியில் வெள்ளைக் காடு என்று அர்த்தமாம். இலையெல்லாம் உதிர்ந்த பிறகு மரங்கள் எலும்பு மாதிரி வெளுத்து நிற்கும், அதனால் அந்தப் பெயர். எட்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலே பரந்து கிடக்கிறது, முழுக்க பிரேசிலுக்குள்ளேயே. மழை சில மாதம்தான். அதுவும் வந்தால் உண்டு. 1877 முதல் 79 வரை வந்த பஞ்சத்தில் அந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். சமீபத்தில் 2012-ல் ஆரம்பித்த வறட்சி ஐந்தாறு வருஷம் விடவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் தவளை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குளியலறையில் மட்டும் ஒன்று இருந்தது. எங்கள் தங்குமிடத்தில் தினமும் ராத்திரி ஓட்டு இடுக்கிலிருந்து இறங்கி வந்து வாஷ்பேசின் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்ன மரத்தவளை. பெரெரெக்கா என்பார்கள். அது தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வந்தது, சரி. பொத்தை மேலே என்ன இருக்கப் போகிறது?

அங்கே காடு வெட்டுவதற்கு முன்னால் உயிரினங்களை மீட்கும் குழு ஒன்று புல்டோசருக்கு முன்னால் நடந்துபோக வேண்டும் என்பது அனுமதியிலேயே இருக்கிற நிபந்தனை. எங்கள் தளத்துக்கு வந்த குழுவில் ஒரு இளம்பெண், உயிரியல் படித்தவர். பாம்புக்கொக்கி, துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா, நெற்றி விளக்கு, முழங்கால் வரைக்கும் தோல் உறை. நான் கோபுர அடித்தளம் குறிக்கிற வேலையில் இருந்ததால் அவரோடு அடிக்கடி ஒரே இடத்தில் நிற்க வேண்டி வந்தது. ஒருநாள் சாயங்காலம் கேட்டார், "ராத்திரி வர்றீங்களா, மக்காம்பிராவுக்குள்ள யார் குடியிருக்காங்கன்னு காட்டுறேன்."

போனோம். அக்டோபர் மாதம், எட்டு மாதமாகச் சொட்டு மழையில்லாத நேரம். பாறை இன்னும் சூடாக இருந்தது, செருப்பு போட்டுப் போயிருந்தால் தெரிந்திருக்கும். அவர் முதலில் என் கையில் இருந்த வெப்பமானித் துப்பாக்கியை வாங்கிப் பாறையைக் காட்டி அழுத்தினார், பிறகு ஒரு பெரிய தூரின் அடியில், இலைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் இடத்தைக் காட்டி அழுத்தினார். எண் மளமளவென்று இறங்கியது. பியரிங் சூட்டைப் பார்க்கத்தான் அந்தக் கருவியை நான் பயன்படுத்துவது வழக்கம். ஒரு செடியின் அடியில் அவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

விஷயம் என்னவென்றால், இந்த மக்காம்பிரா தனிச்செடியாக நிற்பதில்லை. பக்கக்கன்று விட்டு விட்டு, ஒன்றோடு ஒன்று பின்னி, ஒரு பாய் மாதிரி ஆகிவிடுகிறது. பழைய இலை உதிராமல் அடியிலேயே காய்ந்து மடங்கிக் கிடக்கும். அதற்குள் காற்று புகாது. வெயில் புகாது. காற்று கொண்டுவந்த தூசியும் மக்கின இலையும் சேர்ந்து ஒரு விரற்கடை மண் உண்டாகியிருக்கும், அதில் கரையான், எறும்பு, கரப்பான், மரவட்டை. விடிகாலை ஈரம் கொஞ்சம் தங்கும். அப்புறம் முள். நரி மூக்கை நுழைக்க முடியாது, பருந்து இறங்க முடியாது. சாப்பாடும் நிழலும் காவலும் ஒரே இடத்தில். சுற்றிலும் காய்ந்த பாறையில் இதைவிட நல்ல வீடு எது?

அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். "இந்த இலைக்கும் அந்த இலைக்கும் நடுவில பாருங்க. கை வைக்காதீங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த பட்டைத்துண்டு ஒன்று இலை இடுக்கில் செருகியிருந்தது, அவ்வளவுதான். சொரசொரப்பாக, சாம்பலும் பழுப்பும் கலந்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் பொட்டு மாதிரி ஏதோ மின்னியது. கண். பட்டை என்று நான் நினைத்தது தலை. தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது, உடம்பு முழுக்க உள்ளே. அது இடுக்குக்குள் பின்பக்கமாக நுழைந்து, கால்களை மடக்கி, தலையைத் தாழ்த்தி வாசலில் வைத்துக்கொண்டிருந்தது. தலையே கதவு. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கல்லுக்குள் தேரை. சின்ன வயசில் ஆச்சி எத்தனையோ தடவை சொன்னது, கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளக்கிறவன் என்று. நான் அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்படிக் கண்ணெதிரே, கடவுளை மட்டும் நம்பாமல் தலையையும் வைத்து அடைத்துக்கொண்டு ஒரு தேரை உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

அதன் பெயர் கோரித்தோமாண்டிஸ் கிரீனிங்கி. தலைக்கவசத் தவளை என்று ஊரில் சொல்வார்கள். பாறை வெடிப்பு, மரப்பொந்து, மக்காம்பிரா, எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே புகுந்துகொள்ளும். பெரும்பாலான தவளைக்குத் தலைத்தோல் தனி, மண்டையோடு தனி. இதற்கு இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டது, தோலே எலும்போடு எலும்பாக இறுகிவிட்டது. அந்தத் தோல் வழியாகத் தண்ணீர் அதிகம் ஆவியாகாது. தவளைக்குத் தோல்தான் எல்லாமே. அதன் வழியாகத்தான் தண்ணீர் உறிஞ்சும், அதன் வழியாகத்தான் இழக்கவும் செய்யும். ஆகவே ஈரமான உடம்பை உள்ளே வைத்து, காய்ந்தாலும் பாதகமில்லாத தலையை மட்டும் வெளியே காட்டுகிறது. உள்ளே இருக்கிற கொஞ்சம் ஈரக்காற்று வெளியே போகாமல் அந்தத் தலை அடைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், மழை வரும் வரைக்கும். மழை வந்து பாறையில் ஓடை ஓடினால், அந்த நாலு நாள் ஓடையில் இறங்கிக் கூப்பிட்டு, முட்டையிட்டு, திரும்ப இடுக்குக்கு வந்துவிடும்.

கை வைக்காதீங்க என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாவோ பாவ்லோவில் புட்டாண்டான் நிறுவனம் இருக்கிறதே, பாம்புக்கடி மருந்துக்குப் பெயர்போனது, அங்கே ஆய்வாளராக இருக்கும் கார்லோஸ் ஜாரெட் காட்டிங்காவில் இந்தத் தவளைகளைக் கையால் பிடித்துச் சேகரித்திருக்கிறார். கையில் தாங்க முடியாத வலி, தோள்பட்டை நோக்கி ஏறி, ஐந்து மணிநேரம் நின்றிருக்கிறது. முள் குத்தியிருக்கும் என்று நினைக்கிற இடமல்லவா. வலிக்குக் காரணம் தவளைதான் என்று பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. பிறகு பார்த்தால் அதன் மேலுதட்டைச் சுற்றி மண்டையோட்டிலிருந்தே சின்னச் சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த முள் நஞ்சுச் சுரப்பிகளின் வழியாகவே வெளியே வருகிறது. பிடித்தால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேய்க்கும், முள் நஞ்சோடு தோலில் ஏறும். தின்றால் நஞ்சாகிற தவளைகள் ஏராளம். நஞ்சைக் குத்தி ஏற்றுகிற தவளை இருக்கிறது என்பது 2015-ல் அவரும் அமெரிக்காவின் எட்மண்ட் பிராடியும் சேர்ந்து எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இதன் நஞ்சு அந்த ஊர் ஜரராக்கா பாம்பின் நஞ்சைவிட இரண்டு மடங்கு வீரியம். அதே கட்டுரையில் வந்த இன்னொரு தவளை, கடற்கரைப் பக்கத்துப் புரோமீலியாக்களில் இருப்பது, அதன் நஞ்சு இருபத்தைந்து மடங்கு, ஒரு கிராம் இருந்தால் 80 மனிதருக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு தவளை தன்னிடம் வைத்திருப்பது அதில் துளியூண்டுதான், அதனால் பயந்து அடித்துவிட வேண்டாம். அது யாரையும் தேடி வந்து குத்துவதில்லை. அதன் வாசலில் நாம் கையை விட்டால்தான்.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூர் தூராகப் பார்த்தோம். எனக்கு அதிகம் பிடித்தது அரணை. நம்ம ஊர் அரணை மாதிரியே வழவழவென்று, செம்பு நிறத்தில், இலைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. காட்டிங்காவில் இந்தப் புரோமீலியாக்களை விட்டு அதிகம் வெளியே போகாத அரணை இனம் ஒன்று இருக்கிறது, சைக்கோசோரா அக்மோஸ்டிக்கா. பகலில் வெயில் காய்வதும் முள் இலை மேலேயே, இரை பிடிப்பதும் அந்த இலைச் சந்துகளிலேயே, ஆபத்து என்றால் ஒரே பாய்ச்சலில் அடிக்குப் போய்விடும். சின்ன வயசில் அரணை கடித்தால் மரணம் என்று பயந்து ஓடின எனக்கு, அது அவ்வளவு நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

பகலில் போனால் வேறு ஆட்கள். காலங்கு என்று சொல்கிற ஓணான், ட்ரோப்பிடூரஸ், பொத்தை முழுக்க ஓடும். இதுவும் நம்ம ஓணான் மாதிரியே தலையை ஆட்டும். எங்கள் ஊரில் ஓணான் தலையாட்டினால் பையன்கள் கல்லை எடுத்துவிடுவார்கள், நானும் எடுத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. காலையில் பாறையில் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும், பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்தால் மக்காம்பிரா நிழலுக்குள் வந்துவிடும், மூன்று மணிக்கு மேல் மறுபடி வெளியே. அதன் நெருங்கிய உறவு ஒன்று, உடம்பு தட்டையாக அமுக்கி வைத்தது மாதிரி இருக்கும், அதற்குச் செடி அவ்வளவாகத் தேவையில்லை, பாறை வெடிப்பே போதும். பல்லிகளில் இரண்டு மூன்று வகை பார்த்தேன். தூரின் அடியில் முட்டை ஓடு கிடந்தது. பாம்பு ஒன்று, பவழப் பாம்பு மாதிரி சிவப்பும் கருப்பும் வெள்ளையுமாக வளையம் போட்டது, நான் இரண்டு அடி பின்னால் குதித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கொக்கியால் தூக்கிக் காட்டினார். போலிப் பவழமாம், பல்லி தேடி வந்தது. பல்லி இருக்கும் இடத்தில் அது இருக்கத்தானே செய்யும்.

எல்லாத் தவளையும் இப்படி முள்ளுக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காட்டிங்காவின் மணலில் பிளியூரோடிமா டிப்லோலிஸ்டர் என்று ஒரு குட்டித் தவளை இருக்கிறது. மழை நின்றதும் மணலில் குழி பறித்து இறங்கும், ஈரம் கீழே போகப் போகத் தானும் கீழே போகும், வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே. அதற்கு மணல் வேண்டும். பொத்தை மேலே மணல் ஏது, பறிக்க எங்கே போவது? அங்கே இருக்கிறவனுக்கு வெடிப்பு இல்லையென்றால் மக்காம்பிரா, இது இரண்டைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாளானது. செடி அங்கே அலங்காரத்துக்கு நிற்கவில்லை.

நத்தாலில் இருக்கிற மத்திய பல்கலைக்கழகத்தின் ஆட்கள் இந்த ஒரே செடியை எடுத்துக்கொண்டு, அதில் எந்தத் தவளை, எந்தப் பல்லி, எந்தப் பாம்பு, எந்த நேரத்தில் வருகிறது என்று மாதாமாதம் போய்ப் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். முள்ளுக்குள் அப்படிக் குனிந்து குனிந்து பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு ராத்திரி போனவனுக்குத் தெரியும். என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

புரோமீலியா என்றதும் நிறையப் பேர் நினைப்பது தண்ணீர் தேங்கும் வகையைத்தான். இலைகள் கிண்ணம் மாதிரி சேர்ந்து நடுவில் தண்ணீர் நிற்கும், நர்சரிகளில் விற்கிறார்களே, அது. எங்கள் மக்காம்பிராவில் அப்படித் தண்ணீர் நிற்காது. நிற்கும் வகையைப் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போக வேண்டும். ரெஸ்டிங்கா என்று சொல்கிற மணல் புதர்க்காடு. மழை அங்கே நிறையப் பெய்யும், ஆனால் மணலில் நிற்காமல் இறங்கிவிடும், உப்புக்காற்று வேறு, ஆகத் தவளைக்கு அதுவும் வறட்டு நிலம்தான். நான் ஒரு விடுமுறையில் ரியோ பக்கம் போனபோது மாரிக்காவில் பார்த்தேன். தேரிக்காடு மாதிரி சுடுமணல், அதில் பாத்திரம் பாத்திரமாக நியோரெகெலியா செடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர். குளமெல்லாம் அந்தச் செடிக்குள்தான். ஃபிலோடைட்டஸ் என்கிற மஞ்சள் தவளை அந்த டம்ளருக்குள்ளேயே முட்டையிட்டு, தலைப்பிரட்டை அங்கேயே வளர்ந்து, வேறு தண்ணீரையே பார்க்காமல் வாழ்ந்து முடித்துவிடும். அந்தத் தவளைகளின் தோலில் கடுகைவிடச் சின்னதாக, ஓடு போட்ட நீர்ப்பூச்சி மாதிரி ஒரு ஜீவன் ஒட்டிக்கொண்டு ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் பயணம் போகும். சுற்றிலும் சுடுமணல், அது வேறு எப்படித்தான் போகும்? அதே காட்டில் பழம் தின்கிற தவளையும் இருக்கிறது, ஸெனோஹைலா ட்ரங்காட்டா, பகலில் புரோமீலியாவுக்குள் தூங்கிவிட்டு ராத்திரி பழம் தேடிப் போகும். பூவுக்குள் தலையை விட்டு முதுகில் மகரந்தத்தோடு வெளியே வந்ததைக் கூட 2023-ல் எழுதியிருந்தார்கள். தவளை பூச்சி தின்னும் என்று படித்துத் தேர்வு எழுதினவன் நான்.

செடிக்கும் இதில் லாபம் உண்டு. தவளையின் எச்சத்திலிருந்து புரோமீலியா நைட்ரஜனை எடுத்துக்கொள்வதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். வாடகை கொடுத்துத்தான் குடியிருக்கிறது. இந்தச் செடிகளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று முதன்முதலில் உட்கார்ந்து எண்ணியவர்களில் ஒருவர் கோஸ்டா ரிக்காவின் குளோடோமீரோ பிக்காடோ. 1913-ல் பாரீசில் அதை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே மனிதர் பிற்பாடு பாம்புக்கடி மருந்துக்காக உழைத்து, இன்று அந்த நாட்டின் நஞ்சுமுறி நிறுவனமே அவர் பெயரில் இருக்கிறது. ஒரு செடியின் இடுக்கில் எட்டிப் பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

சரி, மறுபடி பொத்தைக்கு வருகிறேன்.

எங்கள் தளத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். வறட்சி முற்றிய மாதங்களில் அவர் மக்காம்பிராவுக்குத் தீ வைத்து முள்ளை மட்டும் கருக்கி, வெட்டி ஆட்டுக்குப் போடுவார். கள்ளிக்கும் அப்படித்தான். காலம் காலமாகச் செய்கிறார்கள், கடும் பஞ்சத்தில் மனிதர்களே தரையில் வளரும் இன்னொரு வகை மக்காம்பிராவின் அடிப்பகுதியை இடித்து மாவாக்கித் தின்றிருக்கிறார்கள். தீ வைத்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் போகுமே என்று எனக்குத் தோன்றியது, கேட்கவும் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் குச்சியால் தட்டுவேன் என்றார், ஓடுகிறது ஓடிவிடும். ஒரு தூரில் பாதியைத்தான் எடுப்பாராம், மீதி அடுத்த வருஷத்துக்கு. ஐந்து வருஷம் மழை பொய்த்த ஊரில் பன்னிரண்டு ஆடு வைத்திருப்பவரிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் மேல் எனக்குக் குறையும் இல்லை. அவர் எடுத்த இடத்தில் அடுத்த மழைக்குக் கன்று விட்டிருந்ததை நானே பார்த்தேன்.

குறை என் மேல் இருக்கிறது. நவம்பரில் ஒரு கோபுரத்தின் இடத்தை மாற்ற வேண்டி வந்தது. துளை போட்டுப் பார்த்ததில் அடியில் பாறை பிளந்திருந்தது, ஆகவே நாற்பது மீட்டர் தள்ளிக் குறிக்கச் சொன்னார்கள். புது இடத்தை வரைபடத்தில் குறித்தது நான். மீட்புக் குழு பழைய இடத்தைச் சுத்தம் செய்து முடித்துவிட்டுப் போயிருந்தார்கள், புது இடத்துக்கு மறுபடி கூப்பிட்டால் மூன்று நாள் ஆகும், கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது மீட்டர்தானே, அதே அனுமதிக்குள் வருகிறது என்று தளத்தில் முடிவு செய்துவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த நாற்பது மீட்டரில்தான் அவ்வட்டாரத்திலேயே பெரிய மக்காம்பிராப் பாய் இருந்தது.

காலை ஏழு மணிக்கு எந்திரம் அலகை இறக்கியது. மக்காம்பிராவுக்கு வேர் ஆழமில்லை, பாறையில் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது, பாயைச் சுருட்டுகிற மாதிரி மொத்தமாகச் சுருண்டு வந்தது. அடியில் இருந்த கருமண் வெளியே தெரிந்தது, ஈரமாக. ஒன்பது மாதம் மழை பெய்யாத இடத்தில் ஈரமான மண். அது ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை, வெயில் பட்டதும் நிறம் மாறிச் சாம்பலாகிவிட்டது. அதிலிருந்து ஓணான்கள் நாலா பக்கமும் ஓடின. பல்லிகளால் ஓட முடியவில்லை, அவை ராத்திரிப் பிராணி, வெளிச்சத்தில் அப்படியே நின்றன. அலகு தள்ளிக் குவித்த குவியலின் ஓரத்தில் தலைக்கவசத் தவளை ஒன்று வெட்டவெளிப் பாறையில் உட்கார்ந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாத அது, பழக்கதோஷத்தில் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து எதிலாவது நுழையப் பார்த்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. என் தலைக்கவசத்தைக் கழற்றி அதன் மேல் கவிழ்த்தேன், நிழலுக்காக. உயிரியலாளருக்குப் போன் போட்டேன். அவர் வந்து சேர மதியம் ஆனது. அந்த ஒன்று பிழைத்தது. குவியலுக்குள் எத்தனை போனது என்று கணக்கில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை குறிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் குறித்த எந்த இடத்துக்கும் அவருக்குச் சொல்லாமல் குறிக்கவில்லை, அதனால் இரண்டு முறை வேலை நின்றது, இரண்டு முறையும் திட்டு வாங்கினேன். பரவாயில்லை.

சுருட்டி எறிந்த மக்காம்பிராவில் உயிர் இருந்ததையெல்லாம் பொறுக்கி, பாதை போட வெட்டின சரிவில் நட்டார்கள். செடி மீட்பும் அந்த நிபந்தனையிலேயே வருகிறது, கள்ளியையும் புரோமீலியாவையும் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் நட்டேன். கையுறை கிழிந்தது. பிப்ரவரியில் மழை வந்தது. ஒரே வாரத்தில் வெள்ளைக் காடு பச்சையானது, அந்த மாற்றத்தை எழுத எனக்குத் திறமை போதாது. ஓடைப் பக்கமிருந்து ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம், எது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஜன்னலை மூடவே மனசு வரவில்லை.

ஒப்பந்தம் முடிந்து கிளம்புவதற்கு முன்னால் செப்டம்பரில் ஒரு ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். முதலில் பழைய பொத்தைக்கு, அவர் எனக்கு முதன்முதலில் காட்டின தூருக்கு. அதே இடுக்கில் ஒரு தலை இருந்தது. அதே தவளையா, வேறா, எனக்குத் தெரியாது. பிறகு நாங்கள் நட்ட சரிவுக்குப் போனேன். செடிகள் வேர் பிடித்திருந்தன, ஆனால் இன்னும் தனித்தனியாகத்தான் நின்றன, பின்னிப் பாய் ஆகவில்லை, அடியில் சருகு சேரவில்லை, காற்று உள்ளே புகுந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். தவளை இல்லை. அரணையும் இல்லை. கடைசிக்கு முந்தின செடியில் ஒரு பல்லி இருந்தது, இலைக்கு அடியில், வெளிச்சம் பட்டதும் மெதுவாக உள்ளே நகர்ந்தது.